ஆடியவர் ஆசானாக வேண்டும்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த மீனவர் குப்பங்களில், வெயில் தணிந்து கடற்காற்று எழும் மாலைவேளையில், வெறுங்காலோடு ஈரமணலில் பந்தாடும் சிறுவர்களைப் பார்த்த எவரும், கால்பந்து என்னும் வித்தைக்கு வேண்டிய தேகபலத்துக்கும் உற்சாகத்துக்கும் இந்தக் கரையில் பஞ்சம் உண்டென்று சொல்லத் துணியமாட்டார். மைதானம் வேண்டும், பந்து வேண்டும், காலணி வேண்டும் என்று நாம் அவ்வப்போது கோரிக்கை எழுப்புகிறோம், அவை வேண்டியவையே. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அருகில் நின்று, வரும் பந்தை எப்படி அடக்குவது, அடக்கியதை எப்போது விடுவது என்று நாள்தோறும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசான் வேண்டும் என்பதை நாம் ஏனோ வற்புறுத்துவதில்லை. ஆடி ஓய்ந்த ஆட்டக்காரரே அந்தப் பதவிக்கு முதல் உரிமையுடையவர் என்பதும், அத்தகையோரின் அருமையைத் தமிழ்நாடு உணரத் தவறிவிட்டது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

சைமன் சுந்தரராஜின் சரித்திரத்தை எடுத்துக்கொள்வோம். 1960-ஆம் ஆண்டில் ரோமாபுரி ஒலிம்பிக்கிற்கு, ஹைதராபாத் சையது அப்துல் ரஹீம் என்னும் மகா ஆசானின் சிட்சையில் பயின்று சென்ற இந்திய அணியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த இவரும் ஒருவர். அந்த அணி ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்று, பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்து, பெருவிடம் 3-1 என்று தோற்றுத் திரும்பியது. அதன்பின் இன்றுவரை இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் மைதானத்தில் கால் வைத்ததில்லை. அத்தனை உயரத்தில் ஆடிய அனுபவத்தைச் சுமந்துகொண்டு அவர் பயிற்சியாளராக எங்கே போனார்? கேரளத்துக்கு. 1973-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில், ரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் வென்று கேரளம் முதன்முதலாக, மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டபோது, மூன்று கோல்களையும் அடித்த அணித்தலைவர் மணியின் கீர்த்தி நாடெங்கும் பரவியது. அந்த அணியைப் பயிற்றுவித்து மைதானத்துக்கு அனுப்பிய சைமன் சுந்தரராஜின் பெயர் அவருடைய சொந்த மாநிலத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளம் இதுவரை ஏழு முறை அந்தக் கோப்பையை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறையும் வென்றதில்லை. 2012-ல் இறுதி ஆட்டம்வரை முன்னேறி, சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது.

பீட்டர் தங்கராஜின் கதையும் இதற்கு உறவுள்ளதுதான். ஹைதராபாத்தில் பிறந்த அவர், முன்வரிசை ஆட்டக்காரராகத் தொடங்கி, நீலகிரி வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் மையத்து அணிக்கு வந்தபின் கோல்காப்பாளராக மாறி, 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்ற விருதைப் பெற்றார். 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்ற அந்த இறுதி ஆட்டத்திலும் கம்பங்களுக்கிடையே நின்றவர் அவரே. 1967-ல் அர்ஜுனா விருது வந்தது. ஆனால் அந்த நெடிய கைகள் கற்றிருந்த வித்தை கடைசியில் பொகாரோ உருக்காலை நகரத்துப் பிள்ளைகளுக்கே வாய்த்தது. 2008-ல் அங்கேயே அவர் காலமானார். பொகாரோவின் பாக்கியத்தில் எனக்குப் பொறாமை இல்லை. நம் கைக்கு எட்டியிருந்த ஒருவரை நாம் அழைக்கவில்லையே என்ற வருத்தமே உண்டு.

நன்றாக ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் கற்பிக்கத் தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. யுத்தத்தில் சிதைந்த ஜெர்மனி இதற்குப் பதில் கண்டது. கொலோன் நகரத்து விளையாட்டுக் கல்லூரியில் பயிற்சியாளர்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பை நிலைநாட்டி, அதன் பொறுப்பை 1957 முதல் ஹென்னஸ் வைஸ்வைலர் என்ற முன்னாள் ஆட்டக்காரரிடம் அவர்கள் ஒப்படைத்தார்கள். ஆட்டக்காரராகப் பெரும்பெயர் எடுக்காத டெட்மார் கிராமர் என்ற டார்ட்முண்ட்காரரோ, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்காக ஜப்பானியரைப் பழக்கச் சென்று, பந்தை நிறுத்துதல், தள்ளுதல் என்ற அரிச்சுவடியிலிருந்தே தொடங்கி, அந்த நாட்டுக்குத் தேசிய லீக் ஒன்று வேண்டுமென்று வற்புறுத்தினார். 1965-ல் லீக் பிறந்தது. 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் பெற்றது. அவரை இன்றளவும் ஜப்பானியர் தங்கள் கால்பந்தின் தந்தை என்றே போற்றுகிறார்கள். பின்னாளில் 1975-லும் 1976-லும் பயர்ன் மியூனிக் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவரும் அவரே. இதே காலத்தில் ஆசியாவில் ஜப்பானுக்குச் சற்றும் குறையாத நிலையிலிருந்த இந்தியா, 1963-ல் ரஹீம் மறைந்ததும், அவருக்குப் பின் அத்தகைய பரம்பரை ஒன்றை உண்டாக்கத் தவறியது.

சமுத்திரத்தில் உப்புக்குக் குறைவில்லை. ஆயினும் பாத்தி கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலுக்குக் காத்திருந்து, பதமறிந்து வாரும் கை இல்லாத இடத்தில் ஒரு பிடி உப்பும் கிடைப்பதில்லை. மரக்காணத்தார்க்கு இதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூலியில்லாமல் தவிக்கும் உப்பளத் தொழிலாளியின் மகன், பயிற்சிக்கென்று சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறிப் போவான் என்று எதிர்பார்ப்பது தர்மமாகாது. ஆசான்தான் அவன் ஊருக்கு வரவேண்டும்.

அப்படி வந்தால் பலன் உண்டா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. குமரிக் கடற்கரையின் தூத்தூரிலிருந்து சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக எழுந்திருக்கிறார்கள். வடசென்னை வியாசர்பாடியில், உள்ளூர்க்காரர்களே குழந்தைகளைத் திரட்டிப் பழக்கிய மைதானத்திலிருந்து தன்பால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணிக்கும் இந்திய அணிக்கும் சென்றார். இவை பெரும்பாலும் தனிமனிதர்களின் பிரயத்தனத்தால் விளைந்தவை. அரசின் கை சேருமானால் விளைவு பன்மடங்காகும் என்பதில் சந்தேகமில்லை.

எனவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு என் விண்ணப்பம் இது: மாநிலத்துக்காகவும் துறை அணிகளுக்காகவும் ஆடி ஓய்வு பெற்ற கால்பந்து வீரர்களைக் கணக்கெடுத்து, கற்பிக்கும் முறையில் அவர்களுக்குத் தேர்ச்சியளித்து, மாதச் சம்பளத்தோடு கடற்கரை ஒன்றியங்களில் நிரந்தரமாகக் குடியமர்த்துங்கள். முதல் நியமனங்களில் ஒன்று மரக்காணத்துக்கு ஆகட்டும். அடுத்த பருவமழைக்கு முன்பே அது நடக்கட்டும்.