இழுப்பது பெரிசில்லை, நிற்கணுமே!

மார்ச் கணக்கு முடித்த களைப்பில் ஒரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, மன்னிக்கவும். இன்றைக்குப் பேங்க் சமாச்சாரம் மாதிரி ஆரம்பித்து மெக்கானிக் சமாச்சாரத்தில் போய் நிற்கப் போகிறேன். நாமக்கல்காரன், லாரி பாடி கட்டும் பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவன். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

நான் குப்பை கொட்டுவது பட்டிண்டாவில். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஹரியானா எல்லையில், மண்டி டப்வாலி. பழைய ஜீப்புகளைப் பிரித்துப் புதுசாகக் கட்டுவதற்குப் பேர்போன ஊர். கிளைக்கு வரும் விவசாயி ஒருவர், அறுபதைத் தாண்டிய சர்தார்ஜி, தாத்தா காலத்து 1968 மாடல் ஜீப்போடு வந்தார். பின்பக்கத்தை நீட்டி எப்போதோ பிக்கப் ஆக்கியிருந்தார்கள். ஜனவரியில் முக்த்சர் மாகி மேளா குதிரைச் சந்தைக்கு இரண்டு குதிரைகளை ட்ரெய்லரில் ஏற்றி அதன் பின்னால் கட்டி இழுக்க வேண்டுமாம். "மேனேஜர் சாப், லோன் போட்டுக் கொடுங்கள்" என்று பட்டறைக்காரர் தந்த கொட்டேஷனை நீட்டினார்.

வரிவரியாகப் படிப்பது என் தொழில் வியாதி. பெரிய டீசல் எஞ்சின், அகல டயர், கிரில், விளக்குகள், மியூசிக் சிஸ்டம் எல்லாம் இருந்தன. பிரேக் என்று ஒரு வரிகூட இல்லை!

நம் ஆட்கள் எல்லோருக்கும் (நாமக்கல்லையும் சேர்த்துத்தான்) இருக்கும் கோளாறு இது. இழுவை என்றால் எஞ்சின் என்று நினைக்கிறோம். எஞ்சின் ஓவர்டிராஃப்ட் மாதிரி, எடுப்பது சுலபம். திருப்பிக் கட்டும் சக்திதான் பிரேக். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 80-இல் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. குதிரை ஒன்று 400 கிலோ என்று வைத்தாலும் ட்ரெய்லரோடு சேர்த்து ஒன்றே முக்கால் டன் வந்துவிடும். ஜீப்பே அந்த எடை இருக்காது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும்.

அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே சர்க்யூட். ஒரு குழாய் ஒழுகினால் மொத்தமும் காலி. செய்வதாக இருந்தால் முதல் பணம் இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கும் முன் டிஸ்க்குக்கும் போகணும். டீசல் எஞ்சின் போட்டால் பூஸ்டருக்குத் தனியாக வேக்யூம் பம்ப் வேண்டும், இதைப் பாதிப் பட்டறைகள் மறந்துவிடுகின்றன. ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும், கொக்கி கழன்றால் அது தானாகப் பிடிக்கணும். கொக்கியை பம்பரில் வெல்டிங் வைக்கக் கூடாது, சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கணும். அடியில் குறுக்காக இரண்டு சங்கிலி.

இன்னொன்று, பாரம் ஏற்றும் விதம். ட்ரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனம் கூடினால் வால் ஆட்டம் ஆரம்பித்துவிடும். அப்போது பயந்து பிரேக்கை மிதித்தால் கதை முடிந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, முடிந்தால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடணும். குதிரையோ சாக்கு மூட்டை இல்லை, நடுவழியில் நகர்ந்து நிற்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின் என்றால் அனுமதியோடு மாற்றலாம். அப்படியிருக்க இந்தக் கொட்டேஷனுக்கு நான் எப்படிக் கடன் கொடுப்பது?

"விண்டேஜ் என்று பதிந்துவிட்டால்?" என்று மடக்கினார். 2021 விதிப்படி வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் கை வைக்காமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். அன்றாடம் ரோட்டில் ஓட்டவும் முடியாது. இவர் வண்டியில் வயது மட்டும்தான் பொருந்தியது.

மனசு கேட்காமல் கடைசியாக ஒன்று கேட்டேன். "யார் ஓட்டப் போகிறார்கள்?"

"பேரன். பத்தொன்பது முடிஞ்சுடுச்சு, நல்லா ஓட்டுவான்."

ஜனவரி மாதம் இங்கே பனிமூட்டம் எப்படி இருக்கும் என்று வடக்கே குடும்பத்தோடு இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு தெரியும்போது தூரம் மிச்சமிருக்காது. என் பையனுக்கும் பதினெட்டு. அந்தப் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தபோது கை கொஞ்சம் நடுங்கியது நிஜம்.

கோபமாகத்தான் எழுந்து போனார். டெபாசிட்டை வேறு பேங்குக்கு மாற்றிவிடுவார் என்று கேஷியர் பயமுறுத்தினார். பத்து நாள் கழித்துப் பேரனோடு வந்தார். குதிரைகளை வாடகை லாரியில் அனுப்பிக்கொள்வாராம். ஜீப்புக்கு எஞ்சின் பழசே இருக்கட்டும், பிரேக்கை மட்டும் சரிசெய்து கொல்லையிலிருந்து தீவனம் கொண்டுவர வைத்துக்கொள்கிறேன் என்றார். எந்த வேலைக்கு ஆர்டிஓ அனுமதி வேண்டும் என்று எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

புதுக் கொட்டேஷனில் முதல் வரி மாஸ்டர் சிலிண்டர். மியூசிக் சிஸ்டம் மட்டும் அப்படியே இருந்தது. பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அதை அவன் தாத்தா கைக்காசில் போட்டுக்கொள்ளட்டும் என்று அடித்துவிட்டேன்.