காசோலைக்குக் கருமாதி எதற்கு?

ரங்கூனுக்கும் பினாங்குக்கும் உண்டியல் எழுதிப் பணம் புரட்டிய நகரத்தார் சமூகத்தின் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் பெயரைத் தாங்கிய பேட்டை, சென்னை ராஜா அண்ணாமலைபுரம். இன்று இங்குள்ள கீரை வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. அதைக் காட்டி, "இனி செக் புக் எதற்கு?" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் பெருத்துவிட்டார்கள். கீரைக்கட்டுக்கு யாரும் எந்தக் காலத்திலும் செக் எழுதியதில்லை. 2016-ல் வந்த யுபிஐ தீர்த்துவைத்தது சில்லறைத் தகராறை.

செக் போட்டால் பணம் வர நாளாகும் என்பார்கள். பழைய கதை. சென்னையில் 2011 செப்டம்பரிலேயே காகிதத்துக்குப் பதில் அதன் படத்தை வங்கிக்கு வங்கி அனுப்பும் முறை தொடங்கிவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல், பகலில் குறித்த நேரத்துக்குள் ஸ்கேன் ஆகிப் போகும் காசோலைக்குப் பணம் தரவேண்டிய வங்கி அன்று இரவு 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வாய் திறக்காவிட்டால் ஏற்றதாகவே கணக்கு. ஆரம்ப வாரங்களில் தடுமாறியது உண்மைதான்.

கையெழுத்தைப் போலி செய்யலாமே? செய்யலாம். அதற்குத்தான் 2021 ஜனவரி 1 முதல் 'பாசிட்டிவ் பே'. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் தேதி, பெயர், தொகையை வங்கிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். மறுபக்கம், 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் மிரட்டும் கும்பல் வாங்கும் பணம், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போடுவதற்குள் பல கணக்குகள் தாண்டிவிடுகிறது. செக்குக்கு 'ஸ்டாப் பேமென்ட்' உண்டு. ஒரே நாளில் காசாகும் புது ஏற்பாடு அந்த அவகாசத்தையும் சுருக்கிவிட்டது என்பதை மறைக்க வேண்டாம்.

செக்கின் உண்மையான வலு தெரிய, இங்குள்ள ஏதாவது ஒரு அடுக்ககத்தின் சங்கக் கணக்கைப் பார்க்க வேண்டும். லிஃப்ட் பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர், வாட்ச்மேன் ஏஜென்சி. இடது மூலையில் இரண்டு கோடு, 'அக்கவுண்ட் பேயீ', கீழே செயலாளர், பொருளாளர் இருவர் கையெழுத்து, அடிக்கட்டையில் பில் எண். ஆடிட்டர் வந்தால் முதலில் புரட்டுவது அந்த அடிக்கட்டையைத்தான். யுபிஐ என்றால் வழக்கமாக ஒருவர் கைபேசி, ஒருவர் பின். இருவர் சேர்ந்து இயக்கும் கணக்குக்கு அது பல ஆண்டுகள் ஒத்துவராமலே இருந்தது. நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிய இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கங்களை நடத்துவதே பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்; பிள்ளைகள் வெளிநாட்டில். ஓடிபி வராத நாளில் யாரைக் கூப்பிடுவார்கள்?

செக் திரும்பினால் கோர்ட் படியேறி மாள முடியாது என்ற வாதம் மட்டும் பாதி சரி. செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம் என்றெல்லாம் இருந்தும், 2019 முடிவில் 35 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் தேங்கிக் கிடந்தன. ஆனாலும் "ஜிபே பண்ணிடறேன்" என்ற வாய்ச்சொல்லுக்கு அந்தப் பிடிகூடக் கிடையாது.

டென்மார்க்கும் நியூசிலாந்தும் கைவிட்டுவிட்டனவே என்பது கடைசி அம்பு. பிரிட்டனும் 2018-க்குள் காசோலையை ஒழிப்பதாக 2009-ல் அறிவித்தது. முதியோரும் அறக்கட்டளைகளும் கொதித்தெழ, 2011-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். இந்தியாவில் 2017 நவம்பரில் செக் புக் போகப்போகிறது என்று வதந்தி கிளம்பியபோது, அப்படியொரு யோசனையே இல்லை என்று நிதியமைச்சகம் மறுத்தது.