வாசிச்சாச்சு, விளங்குச்சா?

களக்காட்டுப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஒரு பாட்டியும் பேத்தியும் நான் வேலை பார்க்கிற வங்கிக்கு வந்தார்கள். பாட்டி வாழைத்தோட்டத்தில் கூலி. பேத்தி ஏழாம் வகுப்பு. கையில் ஒரு தபால். நகைக்கடன் ஏல அறிவிப்பு.

“இதை வாசி தாயி” என்றேன். மேற்படி, ஈடு, தவணை, தவறும் பட்சத்தில் என்று எல்லாவற்றையும் திக்காமல் திணறாமல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். பாட்டிக்கு முகமெல்லாம் பெருமை. “சரி, என்ன சொல்லுது?” என்றேன். “நகையைப் பத்திப் போட்டிருக்கு சார்.” “கெடு என்னைக்கு?” பதில் இல்லை. கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தபால் வந்த அன்றைக்கே பாட்டிக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். வாசித்தவளுக்கும் விளங்கலை, கேட்டவளுக்கும் விளங்கலை.

கடுதாசியில் இருந்ததை நம்ம பேச்சில் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவள் கேட்டாள்: “அப்ப வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வச்சா ஏலம் நிக்குமா சார்?” கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நகை அன்றைக்குத் தப்பியது. பிள்ளையின் மூளையில் ஒரு குறையும் இல்லை. ஏழு வருஷமாக ஒருத்தரும் அவளிடம் ‘வாசிச்சியே, அதில என்ன இருக்கு?’ என்று கேட்கவில்லை. அவ்வளவுதான். அப்படி ஒரு தமிழில் கடுதாசி அனுப்புகிற மேசைக்குப் பின்னால்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோழர்களே, 2019இல் தமிழக அரசு ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்றது. எதிர்த்தோம். 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, அந்த இரண்டு வகுப்புகளிலும் தேறாத பிள்ளையை நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. சரிதான். நிறுத்தப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்காது, செங்கல் சூளைக்கும் தோட்டத்துக்கும் போகும். அது யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியும்.

ஆனால் ‘நிறுத்தாதே’ என்று கத்திய நாம், ‘விளங்குதான்னு பாரு’ என்று ஒருநாளாவது கேட்டோமா? தேர்வை எதிர்த்த வேகத்தில் சோதிப்பதையே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். விளங்காத பிள்ளையை வகுப்புக்கு வகுப்பு தள்ளிவிடுவதும் துரோகம்தான். சத்தமில்லாத துரோகம்.

இருக்கிற சோதனைகளைப் பாருங்கள். 2005இலிருந்து ‘பிரதம்’ என்ற அமைப்பு நடத்துகிற ஏசர் கணக்கெடுப்பில் கிராமத்து வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். எழுத்து, சொல், சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. எந்தப் படிவரை வாய்விட்டு வாசிக்கிறது என்று குறிக்கிறார்கள். சின்ன வகுப்புக்கு அது உதவும். நம்ம ஏழாம் வகுப்புப் பிள்ளை அந்தச் சோதனையில் கடைசிப் படிவரை ஏறிவிடுவாள். நகை போயிருக்கும்.

பள்ளிக்கூடத்துக் கேள்வி இன்னும் மோசம். பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பதாகப் பேர். நானே ஒரு வாக்கியம் செய்கிறேன்: ‘சிலுப்பன் மொண்டையில் குணுக்கினான்.’ சிலுப்பன் எங்கே குணுக்கினான்? மொண்டையில் குணுக்கினான். முழு மார்க்! சிலுப்பன் ஆளா மாடா, குணுக்குவது நல்லதா கெட்டதா, எதுவும் தெரிய வேண்டாம். கேள்வியிலிருக்கிற சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதை எழுதினால் போதும்.

பொருளைக் கேட்கிற சோதனை ஒன்று வந்தபோது என்ன ஆச்சு? பீசா என்கிற உலகச் சோதனையின் 2009 சுற்றில், பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்துத் தமிழ்நாடும் இமாச்சலும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. வாசித்துப் புரிந்துகொள்வதில் குறைந்தபட்ச அளவைத் தொட்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 17 பேர். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பில் சராசரி 81. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று இந்தியா சொன்னது. அதில் உண்மையும் இருக்கலாம். அப்படியானால் நம் சூழலுக்கேற்ற கேள்வியை நாமே செய்திருக்க வேண்டும். செய்த காரியம், அடுத்த சுற்றுகளுக்குப் போகாமல் இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தால் முகம் மாறிவிடுமா?

2025இல் தமிழக அரசு ஆறாம் வகுப்பு முதல் ஒன்பது வரை ‘திறன்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்தங்கிய பிள்ளைகளைச் சோதித்துக் கண்டு, தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படையைச் சொல்லிக்கொடுப்பது நோக்கம். வரவேற்கிறேன். ஆனாலும் ஒரு பயம். நாங்குநேரி நமக்குப் பக்கத்து ஊர். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. அந்தப் பக்கம் சாதி பார்த்து உட்கார வைக்காதே என்கிறோம். இந்தப் பக்கம் சோதனை வைத்து ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பெஞ்சு போட்டால், அந்தப் பெஞ்சில் யார் பிள்ளைகள் நிறையும்? பழைய வரிசை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடக் கூடாது.

ஆகவே சோதனை வேண்டும். எப்படி என்பதை நாம் சொல்ல வேண்டும். ‘எங்கே, எப்போது’ என்று கேட்டால் போதாது. ‘ஏன் அப்படிச் செஞ்சான், அடுத்தது என்ன ஆகும், எழுதினவர் எதைச் சொல்லாம விட்டுட்டார்’ என்றும் கேட்கட்டும். பதிலைப் பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் வாயால் சொல்லட்டும். ‘போயிட்டாவ’ என்று சொன்னதற்காக மார்க்கை வெட்டாதே. நீ சோதிப்பது விளக்கத்தை, நாக்கை இல்லை. கதையோடு சேர்த்து ரேஷன் கடை அறிவிப்பு, நூறு நாள் வேலை அட்டை, வங்கித் தபால் எல்லாம் வாசிக்கக் கொடு. விளங்கவில்லை என்று தெரிந்தால் அந்தக் குறையைப் பள்ளிக்கூடத்தின் கணக்கில் எழுது, பிள்ளையின் நெற்றியில் எழுதாதே.

அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகையைத் தொடங்கினார். மற்றவர்கள் வாசித்த அதே பழைய நூல்களைத்தான் அவரும் வாசித்தார். அவர்கள் சொன்ன பொருளை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. குறளுக்கே பௌத்த வழியில் வேறு உரை கண்டார். நம்மை எழுத விடாதவர்கள் ஒருகாலத்தில் வாசிக்கவும் விடவில்லை. இப்போது வாசிக்க விடுகிறார்கள். பொருள் மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

காலனிகளில் இரவுப்பள்ளி நடத்துகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. வீட்டுக்கு வந்த ஒரு அரசுத் தபாலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளை மனசுக்குள் வாசிக்க விடுங்கள். பிறகு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, ‘இதை உங்க பாட்டிக்கு எப்படிச் சொல்லுவ?’ என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளையைத் திட்டாதீர்கள், கூட உட்காருங்கள்.

அந்தப் பேத்தி இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். அக்கம்பக்கத்து வீட்டுத் தபாலையும் எடுத்து வருகிறாள். முதலில் அவள் எனக்குச் சொல்லுகிறாள். பிறகுதான் நான் வாயைத் திறக்கிறேன்.