மாம்பூவிலேயே தெரியும் ஜூன் விலை

மருமகனுக்கு மாம்பழத்தோடு விருந்து வைக்கும் வங்காளிகளின் ஜமாய் சஷ்டி, 2020இல் மே 28 அன்று வந்தது. எட்டு நாள் முன்பு ஆம்பன் புயல் கரையைக் கடந்திருந்தது. கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸை ஒட்டிய ரவீந்திர சரோவரில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. நதியா, முர்ஷிதாபாத் தோப்புகளில் பறிப்புக்கு நின்ற மாங்காய்கள் மண்ணில் கொட்டின.

புயலின் பாதையை வானிலைத் துறை பல நாள் முன்பே சொல்லியிருந்தது. அதனால் பல உயிர்கள் பிழைத்தன, காய்கள் பிழைக்கவில்லை. முற்றாததைப் பறித்துப் பயனில்லை. முற்றியதைப் பறிக்க ஆளும் லாரியும் வேண்டும். கொரோனா ஊரடங்கில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. பழ வரத்துக்கான எச்சரிக்கை புயல் சின்னத்தோடு தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்றே பொருள்.

மால்டாவில் மாமரத்தின் கணக்கு ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. பூக்கும்போது மூடுபனியும் ஈரமும் நீடித்தால் தத்துப்பூச்சி, சாம்பல் நோய். ஏப்ரல் வெயிலில் பிஞ்சு உதிரும். மிச்சத்தைக் கால்பைசாகி எனும் கோடைச் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும் பார்த்துக்கொள்ளும். 2024 ஏப்ரல் 30 அன்று கொல்கத்தா அலிப்பூரில் 43 டிகிரி பதிவானது. வெப்ப அலை அறிவிப்புகளோ அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தோப்பு நிலவரத்தோடு சேர்த்துப் படித்தால், ஜூனில் லேக் மார்க்கெட்டுக்கு வரத்து எப்படி இருக்கும் என்று ஏப்ரலிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். (மா ஓராண்டு காய்த்து மறு ஆண்டு ஓய்கிற மரம். அதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் பழி முழுதும் வானத்தின் தலையில் விழும்.)

யாரிடம் சொல்வது என்பதுதான் சிக்கல். பல தோப்புகள் இலைப் பருவத்திலும் பூப் பருவத்திலுமே வியாபாரிகளிடம் கைமாறிவிடுகின்றன. விளைச்சல் நிலவரம் வியாபாரிக்கு மட்டும் முந்தித் தெரிந்தால் பேரம் அவர் பக்கம்தான் சாயும். ஆகவே முன்கணிப்பு பொதுவில், வட்டார அளவில், வங்க மொழியில் வர வேண்டும். அதற்கு உள்ளூரில் ஆள் வேண்டும். அத்தகைய பணிக்காக அமைந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகள் 2024இல் மூடப்பட்டன. தரவு தானாகவே வந்துவிடுகிறதே என்ற வாதம் அப்போது பேசப்பட்டது. வானிலைத் தகவல் தரும் மேகதூத் செயலியில் மழை தெரியும். தோப்பில் நின்று பூவைப் பார்ப்பது யார்?

தட்டுப்பாட்டுக்கு மட்டுமல்ல, மிகுதிக்கும் இந்தக் கணிப்பு தேவை. 2025இல் சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் தோத்தாபுரி மாம்பழம் குவிந்து விலை சரிந்தது. சித்தூர் விவசாயிகளுக்கு ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவித்தபோது, பழ லாரிகள் கூழ் ஆலை வாசல்களில் வரிசை கட்டியிருந்தன.