விற்கும் உரிமை யாருக்கு?

ஆந்திரத்தில் நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒதுக்கிய நிலம் கைமாறுவதை 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வாரிசுகள் அதை உழுது உண்ணலாம்; விற்க இயலாது. மீறி வாங்கியவரிடமிருந்து நிலத்தை மீட்டு உரியவரிடமே ஒப்படைக்கவும் அச்சட்டம் வழி செய்தது. 2023இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அரசு அதைத் திருத்தியது. ஒதுக்கீடு பெற்று 20 ஆண்டுகள் கடந்திருந்தால் இனி விற்கலாம். ஏழைக்கு முழு உடைமை கிடைத்துவிட்டதாக முரசறைந்தார்கள்.

சித்தூர் மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரம் உள்ள சாந்திபுரம் மண்டலத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். மழையை நம்பிய புன்செய், கூலிக்குப் பெங்களூரு செல்லும் குடும்பங்கள், சுற்றிலும் கருங்கல் குவாரிகள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குப்பம் விமான நிலையத் திட்டத்தின் கண்ணும் சாந்திபுரம், ராமகுப்பம் மண்டலங்களின் நிலத்தின் மீதே. ஆழ்துளைக் கிணறு வற்றிய ஆண்டில், கடன்காரர் வாசலில் நிற்கையில், இங்கே விற்கும் உரிமை யாருக்குப் பயன்படும்? பணத்தோடு காத்திருப்பவருக்கே. இங்கிலாந்தின் பொதுநிலங்களும் பெரும்பாலும் அடியாட்களால் அல்ல, நாடாளுமன்றச் சட்டங்களால்தான் வேலியடைக்கப்பட்டன.

தமிழக உழைப்பாளிகளுக்கு இந்தக் கதை தெரியும். 1892இல் வெள்ளையர் அரசு தாழ்த்தப்பட்டோருக்கு வழங்க ஆணையிட்ட பஞ்சமி நிலத்துக்கும் கைமாற்றத் தடை உண்டு. சித்தூர்ப் பகுதி அன்று வடஆர்க்காட்டில் இருந்தது. தடை இருந்தபோதே அந்நிலங்கள் பறிபோயின என்றால், தடையே இல்லாதபோது எது மிஞ்சும்?

நிலத் தகராறுகளை உரிமையியல் நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து அகற்றிய நில உரிமைச் சட்டத்தைத் தெலுங்கு தேச அரசு 2024இல் ரத்து செய்தது, வரவேற்கத்தக்கது. (அதற்கான மாதிரிச் சட்டத்தை வகுத்தது மோடி அரசின் நிதி ஆயோக் என்பதை, பாஜகவின் கூட்டாளி சொல்லாமல் விட்டதில் வியப்பில்லை.) முந்தைய முதல்வரின் படம் பொறித்த சர்வே கற்கள் மீது காட்டிய சினத்தை 2023 திருத்தத்தின் மீது காட்டவில்லை. 2024 ஜூலை 21 இரவு மதனப்பள்ளி சப் கலெக்டர் அலுவலகத்தில் நிலக் கோப்புகள் எரிந்தன. அதன்பின் விடுவிக்கப்பட்ட நிலங்களின் பதிவை நிறுத்தி, ஆய்வுக்கு உத்தரவிட்டார்கள். திருத்தம் அப்படியே நின்றது.

ஆய்வு தாசில்தார் அலுவலகத்துக்குள் முடங்கக் கூடாது. எந்தச் சர்வே எண் யார் பெயரிலிருந்து யார் பெயருக்குச் சென்றது என்ற பட்டியலைக் கிராமசபையில் உரக்கப் படிக்க வேண்டும். மீட்ட நிலம் அரசின் நில வங்கிக்குச் செல்லாமல், இழந்த குடும்பத்திடமே திரும்ப வேண்டும். கிணறும் கூட்டுறவுக் கடனும் உடன் வர வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் அந்தப் பட்டியலைத் தாமே தயாரிக்கத் தொடங்கலாம்.