தளபதிக்குப் பட்டம், சிப்பாய்க்கு எண்ணிக்கை

புனேயின் பெயரைத் தாங்கிய ஒரு படை முதல் உலகப் போரில் பட்ட பாட்டை இந்நகரிலேயே பலர் அறியார். ஆறாவது பூனா டிவிஷன் என்ற அப்படையில் பூனா, அகமத்நகர், பெல்காம் என மூன்று பிரிகேடுகள் இருந்தன. சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர். 1915 ஏப்ரலில் அதன் தலைமையை ஏற்றவர் ஜெனரல் சார்லஸ் டவுன்ஷெண்ட். 1895இல் சித்ரால் கோட்டையைக் காத்துப் புகழ் பெற்றவர்.

இன்று இராக் எனப்படும் மெசபடோமியாவில் அமாரா, கூத் நகரங்களை அவர் பிடித்தார். போதிய படையின்றி பாக்தாத்தை நோக்கி முன்னேறுவது ஆபத்து என்று மேலிடத்தை எச்சரித்தவரும் அவரே. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் எச்சரிக்கை எடுபடவில்லை. நவம்பரில் துருக்கியரிடம் அடிபட்டுக் கூத்துக்குத் திரும்பிய படை, 147 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்து, 1916 ஏப்ரல் 29இல் சரணடைந்தது. கைதானவர்கள் சுமார் 13,000 பேர்.

அதன் பிறகு நடந்ததுதான் நெஞ்சை உறுத்துகிறது. தளபதி இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் வசதியாக வைக்கப்பட்டார். அவருடைய நாய்கூடப் பத்திரமாக பிரிட்டிஷார் வசம் சேர்ந்தது. சிப்பாய்களோ, வெள்ளையரும் இந்தியரும், பாலைவனத்தில் நடத்திச் செல்லப்பட்டனர். தப்பிப் பிழைத்தவர்களில் பலர் மலையைக் குடைந்து பாக்தாத் ரயில் பாதை போடும் வேலையில் வதைபட்டனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தளபதிக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. 1920இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

மெசபடோமியாவில் மாண்டோருக்காக பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கை மட்டுமே. உயிர் கொடுத்தவனுக்குப் பெயர் கொடுக்கவும் மனம் வரவில்லை!

கிர்கியில் போர்க் கல்லறை இருக்கிறது. நன்கு பராமரிக்கப்படுகிறது. பூனா டிவிஷனில் உயிர் நீத்த அனைவர் பெயரையும் அங்கே ஒரு கல்லில் பொறிப்பதற்குப் பெரும் செலவாகாது. ராணுவத்தையும் அதைச் சார்ந்த தொழிற்சாலைகளையும் நம்பி வந்து கிர்கியில் வேரூன்றிய தமிழர்களும், மராத்திய அன்பர்களோடு சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். மாண்டவர் எந்த மொழி பேசியவராயினும், ஊர் பெயரைச் சுமந்து போனவர்களின் பெயரை ஊர் சுமப்பதே முறை.