குழந்தையிடம் பேசக் கற்றல்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இம்மும்பை நகரிலுள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து நம் சங்கத்துக்குத் தொலைபேசி வந்தது. ரயில் நிலையத்தில் தனியே நின்ற ஒரு சிறுவனைக் காவலர் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். அவனுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியவில்லை. பேச்சைப் பெயர்த்துச் சொல்ல யாரேனும் வர இயலுமா என்று கேட்டார்கள். நம்மில் இருவர் உடனே புறப்பட்டோம். ஒரு பொட்டலம் தேங்காய் பர்பியும் வாங்கிக்கொண்டோம். தமிழ் தெரியும், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்கள், இதற்குமேல் என்ன வேண்டும் என்பது நம் எண்ணம்.

பையனுக்குப் பதினொரு வயதிருக்கலாம். பெயரும் ஊரும் எழுதமாட்டோம்; சட்டமும் அதைத் தடுக்கிறது. முன்கைகளில் சிறுசிறு தீத்தழும்புகள் இருந்தன. அங்கிருந்த சமூகப் பணியாளர் ஓர் இளம் பெண்மணி. "ரயிலேறிய நாளைப் பற்றிச் சொல்லும்படி அவனிடம் கேளுங்கள்" என்றார். நாம் என்ன கேட்டோம்? "ஏனப்பா வீட்டைவிட்டு ஓடி வந்தாய்? அம்மா அழுதுகொண்டிருப்பாளே!" என்றோம். அவன் தலை கவிழ்ந்தது. சற்றுப் பொறுத்து, "அப்பாதான்..." என்று தொடங்கினான். "பெற்ற தகப்பனைக் குறை சொல்லலாமா?" என்று நம்மில் ஒருவர் இடைமறித்தார். அதன்பின் அரைமணி நேரம் அவன் வாய் திறக்கவில்லை. பர்பியைத் தொடவுமில்லை.

அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் நடந்ததை அவர் உணர்ந்துகொண்டார். நம்மைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, "நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் பேசியது நாலைந்து வரி. அவன் சொன்ன சொல்லையோ எனக்குச் சொல்லவேயில்லை" என்று இந்தியில் மரியாதையாகவே சொன்னார். நமக்கு முகம் வாடிற்று. மீண்டும் உள்ளே சென்றதும் அவர் தரையில் அமர்ந்தார். நம்மையும் அமரச் செய்தார். காகிதமும் பென்சிலும் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேளாமல் இருந்தார். அன்று அவன் ஓர் அடுப்பை வரைந்தான். இரண்டு நாள் கழித்து நாம் மறுபடி சென்றபோதுதான் செய்தி வெளிவந்தது. அவன் வீட்டைவிட்டு ஓடி வந்தவன் அல்லன். முன்பணம் வாங்கிக்கொண்டு தகப்பனே அவனை ஒருவருடன் அனுப்பியிருக்கிறார். முறுக்குப் பட்டறையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் வேலை. அங்கிருந்து தப்பித்தான் நிலையத்துக்கு வந்திருக்கிறான்.

நம் பேச்சோடு விசாரணை முடிந்திருந்தால் 'வீட்டைவிட்டு ஓடி வந்தவன்' என்று எழுதி, துணைக்கு ஆள் கொடுத்து ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். முன்பணம் கொடுத்தவர் அறிந்த அதே வாசலில் அவன் போய் நின்றிருப்பான்.

இவ்வளவும் கல்லூரியில் கற்றதா என்று அவரைக் கேட்டோம். பட்டம் வாங்கிப் பல ஆண்டுகளாயின என்றும், குழந்தையிடம் பேசும் முறையைப் பின்னர் ஒரு பயிற்சி முகாமில்தான் கற்றதாகவும் கூறினார். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் குழந்தையாக அமர்ந்து, மற்றவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டுமாம். இன்றும் மாதந்தோறும் மூத்தவர் ஒருவர் அவருடைய வழக்குகளைப் படித்து, எங்கே தவறினார் என்று காட்டுகிறாராம்.

சமூகப் பணியை முறையாகக் கற்பிக்கும் முதற் பள்ளி இந்நாட்டில் நம் மும்பையில்தான் 1936-ல் டாட்டா அறநிதியால் தொடங்கிற்று. சென்னையில் 1952-ல் அத்தகைய பள்ளி எழுந்தது. அடிப்படைக் கல்விக்குக் குறைவில்லை. ஆனால் சட்டம் ஓரிடத்தில் நிற்கிறதா? 1986-ம் ஆண்டுச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு 16, பெண்ணுக்கு 18. 2000-ல் இருவருக்கும் 18 ஆயிற்று. 2012-ல் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம் வந்து, அறிந்தவர் தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம் என்றாயிற்று. 2015-ல் புதிய சிறார் நீதிச் சட்டம். 2021-ல் அதற்கும் திருத்தம் வந்து, தத்து ஆணை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியரிடம் சென்றது. 1999-ல் பட்டம் பெற்றவர் அன்றைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இன்று வேலை செய்தால், பதினேழு வயதுப் பையனைக் குழந்தையென்றே கொள்ளமாட்டார்.

குழந்தைகள் நலக் குழு அமைத்த இரண்டு மாதத்துக்குள் உறுப்பினருக்குத் தொடக்கப் பயிற்சி தரவேண்டும் என்பது சட்டம். நல்லதுதான். ஆனால் உறுப்பினர் பதவியோ மூன்றாண்டுக்கு மேற்படாது. பழகிய கை விலகிப் புதிய கை வந்துவிடும். கீழ்நிலைப் பணியாளர் பலர் ஒப்பந்த முறையில் இருப்பவர்கள். இந்நிலையில், குத்துவிளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, நாலு சொற்பொழிவு கேட்டுச் சிற்றுண்டியோடு கலையும் ஒருநாள் விழாவையும் பயிற்சி என்று கணக்கெழுதுவது நமக்கு உடன்பாடில்லை. (சங்கம் நடத்துகிற நமக்கு அவ்விழாக்கள் புதியவை அல்ல!) கையிலுள்ள ஒரு வழக்கைக் கொண்டுவந்து, தெரிந்தவர் முன் வைத்துத் திருத்தம் பெறும் ஒரு மணி நேரம் அதனினும் மேல். நாள்தோறும் இத்தகைய கதைகளைக் கேட்பவருக்குத் தம் மனச்சுமையை இறக்கிவைக்கவும் அதுவே இடம்.

அப்பையன் இப்போது சொந்த மாவட்டக் குழுவின் பொறுப்பில், விடுதியில் தங்கிப் படிக்கிறான் எனத் தெரிகிறது.

அடுத்த பயிற்சியில் நம் உறுப்பினர் நால்வரையும் அமரவிட அந்த இல்லத்தார் இசைந்திருக்கிறார்கள். சொன்னதைச் சொன்னபடி பெயர்ப்பது எப்படி என்று இரண்டு சனிக்கிழமைகள் கற்பிப்பார்கள். தென்மாவட்டப் பேச்சு நன்கறிந்தவர்களும், சிறப்பாகப் பெண்மணிகளும், இம்மாதம் 20-ந் தேதிக்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறோம். பலகாரப் பொட்டலம் கொண்டுவர வேண்டியதில்லை.